கர்ப்பிணியைத் தண்டித்தால் குழந்தைக்கு நல்லது நடக்கிறதா?

கேள்வி இது: கர்ப்பமாக இருக்கும் ஒருத்தி போதைப்பொருள் எடுத்தால், வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்ற அரசு கறாராக நடந்துகொள்வதில் என்ன தப்பு? அப்படிப்பட்ட சட்டங்களால் குடும்பங்களுக்கு நல்லது நடக்கிறதா, கெட்டது நடக்கிறதா?

நியாயமான கேள்விதான். பிறந்த குழந்தை கை கால் நடுங்கி, பால் குடிக்க முடியாமல், கீச்சுக் குரலில் விடாமல் அழுவதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் அந்தத் தாய் மேல்தான் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபத்தில் போட்ட சட்டங்கள் என்ன செய்தன என்று பார்க்க இப்போது முப்பது நாற்பது வருட அனுபவம் கையில் இருக்கிறது. எந்தச் சட்டத்தையும் எடைபோட நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன்: அந்தச் சட்டம் இருக்கும் இடத்தில் ஒரு கர்ப்பிணி, "நான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று மூன்றாவது மாதத்திலேயே டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்வாளா? சொன்னால் மருத்துவத்தால் செய்ய முடிந்தது ஏராளம். சொல்லாமல் கடைசியில் பிரசவ வலியோடு வந்து நின்றால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான்.

பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காரணம், அங்கே ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகச் சட்டம் போட்டுப் பார்த்திருக்கிறது, ஆராய்ச்சியும் அங்கேதான் அதிகம்.

கதை 1980களில் தொடங்குகிறது. 1985இல் கொக்கெயின் எடுத்த கர்ப்பிணிகள் பற்றி ஒரு ஆய்வு வந்தது, அதில் இருந்தவர்கள் வெறும் 23 பெண்கள். அதைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைகளும் டிவியும் 'கிராக் குழந்தைகள்' என்று (கிராக் என்பது புகைக்கும் வகைக் கொக்கெயின்) ஒரு பீதியைக் கிளப்பின. மூளை வளராத ஒரு தலைமுறையே வரப்போகிறது, பள்ளிக்கூடங்கள் தாங்காது, சிறைகள் தாங்காது என்றெல்லாம் பேச்சு. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, வயிற்றில் இருக்கும்போது கொக்கெயின் பட்டவர்கள், படாதவர்கள் என்று இரண்டு பிரிவாக்கி, இருபது வருடத்துக்கும் மேல் கூடவே தொடர்ந்தார். இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பிரிவுமே ஏழைக் குழந்தைகள், இரண்டுமே மற்ற குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தன. வறுமைதான் பெரிய அடி என்று தெரிந்தது. கொக்கெயின் ஆபத்தில்லை என்று சொல்லவரவில்லை. குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது எல்லாம் அதனால் வரும். ஆனால் கருவின் மூளையை நிரந்தரமாகக் கெடுப்பதில் இதைவிட மோசமானது மது என்று தெளிவாகவே தெரியும், அதைக் கடையில் சட்டப்படி வாங்கலாம். சட்டம் யார் மேல் பாய்கிறது என்பதற்கும் குழந்தைக்கு எது அதிகம் கெடுதல் என்பதற்கும் ஆரம்பத்திலிருந்தே சம்பந்தம் குறைவு.

யார் மேல் பாய்கிறது என்பதற்கு ஃபுளோரிடாவின் பினெல்லஸ் கவுண்டியில் நடந்த ஆய்வு ஒன்று போதும், 1990இல் வெளிவந்தது. 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பெயர் குறிப்பிடாமல் சோதித்தார்கள். வெள்ளையினப் பெண்களில் 15.4 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதம் பேருக்குப் போதைப்பொருள் இருந்தது. கிட்டத்தட்ட சமம். ஆனால் அரசு அதிகாரிகளிடம் புகார் போனது கறுப்பினப் பெண்கள் மேல் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம்.

அதே காலத்தில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று போலீசோடு கைகோத்துக்கொண்டது. 1989இல் ஆரம்பித்த ஏற்பாடு இது: பிரசவத்துக்கு வரும் சில பெண்களின் சிறுநீரை அவர்களுக்குச் சொல்லாமலே கொக்கெயினுக்குச் சோதிப்பது, இருந்தால் போலீசுக்குச் சொல்வது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினத்தவர். பிள்ளை பெற்ற சூடு ஆறுவதற்குள் விலங்கு மாட்டி அழைத்துப் போனதும் நடந்தது. 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் போலீசுக்காக இப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்தத் தீர்ப்பு போலீசுக்குச் சொல்வதைத்தான் தடுத்தது. குழந்தைகள் நலத் துறைக்கு ஃபோன் போவதைத் தடுக்கவில்லை. பெரும்பாலான குடும்பங்கள் உடைவது அந்த ஃபோனில்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சிறைத் தண்டனை. டென்னசி 2014 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கர்ப்பகாலத்தில் போதை மாத்திரை, ஹெராயின் மாதிரி எடுத்து அதனால் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் தாய் மேல் தாக்குதல் வழக்கு. சிகிச்சை திட்டத்தில் சேர்ந்து முடித்திருந்தால் தப்பிக்கலாம் என்று ஒரு வாசலும் வைத்தார்கள், ஆனால் சேர்வதற்கு இடம் வேண்டுமே, கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்ளும் மையங்கள் அங்கே மிகவும் குறைவு. இரண்டு வருடத்தில் சட்டம் காலாவதியானது, யாரும் நீட்டிக்கவில்லை. அதற்குள் பெண்கள் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தார்கள், சிலர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்ப் பெற்றுக்கொண்டார்கள். மெகன் பூன், பெஞ்சமின் மெக்மைக்கேல் என்ற இரண்டு சட்ட ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டுப் பார்த்தபோது, 2015 என்ற ஒரே வருடத்தில் இந்தச் சட்டத்தால் மட்டும் சுமார் 20 கருக்களும் 60 கைக்குழந்தைகளும் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று வந்தது. குழந்தையைக் காப்பாற்றப் போட்ட சட்டம்! வேறொரு பெரிய ஆய்வு 2019இல் வந்தது, எட்டு மாநிலங்களில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தது. தண்டிக்கும் சட்டம் உள்ள இடங்களில் போதை விலகல் அறிகுறிகளோடு (தாய் வழியாக வந்த போதை நின்றதும் வரும் நடுக்கம், அழுகை போன்றவை) பிறக்கும் குழந்தைகள் குறையவில்லை, கூடியிருந்தன.

அலபாமா கதை இன்னும் விசித்திரம். 2006இல் அங்கே வந்த சட்டம், வீட்டிலேயே மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சும் ஆட்களிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கானது. அரசு வழக்கறிஞர்கள் அதில் வரும் 'பிள்ளை'யில் வயிற்றில் இருக்கும் கருவும் அடங்கும் என்று வாதிட, 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நூற்றுக்கணக்கான பெண்கள் மேல் வழக்கு.

ஏன் இப்படி எதிர்மறையாகப் போகிறது? உடலின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஹெராயின், ஃபென்டனில், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டுகளுக்குப் பழகிய உடம்பில் ஒரே நாளில் நிறுத்தினால் தாயும் படாதபாடு படுவாள், மறுபடி வழுக்கி விழும் வாய்ப்பும் அதிகம், விட்டுவிட்டு மீண்டும் எடுக்கும்போது பழைய அளவே உயிரை எடுத்துவிடும். அதனால்தான் மெத்தடோன் அல்லது பூப்ரெனார்ஃபின் (அதே ஓபியாய்டு வகை மருந்துதான், ஆனால் மெதுவாக, சீராக வேலை செய்து ஏக்கத்தை அடக்கும்) கொடுத்து நிலைப்படுத்துவதே சரியான சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் 2014 வழிகாட்டுதலிலும், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் சொல்கின்றன. இந்த மருந்து எடுத்தாலும் குழந்தைக்கு விலகல் அறிகுறி வரலாம், ஆனால் அது எதிர்பார்த்த ஒன்று, சமாளிக்கக்கூடியது. இதையெல்லாம் செய்ய அந்தப் பெண் மாதக்கணக்கில் முன்னாடியே வந்து சேர வேண்டும். பயமுறுத்தும் சட்டம் அந்த மாதங்களைத்தான் தின்றுவிடுகிறது.

இப்போது அந்த ஃபோனுக்கு வருவோம். 2003இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம், சட்டவிரோதப் போதைப்பொருளால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மருத்துவமனை குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டது. 2016இல் அதிலிருந்து 'சட்டவிரோத' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நோக்கம் நல்லது, எல்லாக் குழந்தைக்கும் ஒரு 'பாதுகாப்பான பராமரிப்புத் திட்டம்' போட வேண்டும் என்பது. விளைவு என்ன? டாக்டர் சொன்னபடி ஒழுங்காக மெத்தடோன் எடுத்து, எல்லாம் சரியாகச் செய்த பெண்ணின் பெயரும் அந்தத் துறைக்குப் போக வழி திறந்தது. தெரிவிப்பது வேறு, குற்றம்சாட்டுவது வேறு என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருக்கும் நர்ஸுக்கு இருப்பது ஒரே ஒரு ஹாட்லைன் நம்பர். பல மாநிலங்களில் இரண்டும் ஒரே மேசையில்தான் போய் விழுகின்றன.

அப்புறம் அந்தச் சிறுநீர் சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் முதலில் செய்வது துரித சோதனை, அது ஒரு சந்தேகத்தைக் காட்டுமே தவிர உறுதி சொல்லாது. கசகசா போட்ட பண்டம் சாப்பிட்டால் ஓபியேட் என்று காட்டலாம். கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் லேபடலால் மாத்திரை ஆம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளாகக் காட்டலாம். பிரசவ வலிக்கு முதுகில் போடும் ஊசியில் பெரும்பாலும் ஃபென்டனில் இருக்கும், அதற்குப் பிறகு சோதித்தால் ஃபென்டனில் இருப்பதாகத்தானே வரும்? வேறு கருவியில் உறுதிப்படுத்தும் சோதனை செய்தால் இதில் பெரும்பாலானவை தெளிவாகிவிடும், ஆனால் அதன் முடிவு வர நாளாகும், புகார் அதற்கு முன்பே போய்விடுகிறது.

புகார் போன பிறகு குழந்தையை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1997இல் வந்த சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அரசின் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையையே ரத்து செய்ய மாநிலம் மனுப்போட வேண்டும், சில விதிவிலக்குகள் உண்டு. குழந்தைகள் வருடக்கணக்கில் வளர்ப்புக் குடும்பங்களில் அலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் போதையிலிருந்து மீள்வது 15 மாத விஷயம் கிடையாது, நடுவில் ஒன்றிரண்டு தடவை சறுக்கி எழுவது அந்த நோயின் இயல்பே. சிகிச்சை மையத்தில் இடத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களும் அந்தப் பதினைந்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த 15 மாதத்தில் ஒரு தாயின் வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? மெத்தடோன் என்றால் ஆரம்பத்தில் அநேகமாகத் தினமும் கிளினிக்குக்கு நேரில் போய் வரிசையில் நின்று நர்ஸ் முன்னால் குடிக்க வேண்டும், அதுவும் காலையில். அன்றைக்கே எந்நேரமும் சிறுநீர் சோதனைக்குக் கூப்பிடலாம், போகாவிட்டால் போதை எடுத்ததாகக் கணக்கு. பெற்றோர் வகுப்பு ஒரு இடத்தில், ஆலோசனை இன்னொரு இடத்தில், குழந்தையைப் பார்க்க அதிகாரி முன்னிலையில் ஒரு மணி நேரம், அது ஊரின் மறுகோடியில். நீதிமன்றம் பகல் வேளையில். பஸ் தாமதமானால் 'வரவில்லை' என்று பதிவாகும். இதற்கு நடுவில் வேலைக்குப் போய், வாடகை கட்டி, குழந்தைக்கு நிலையான வீடு இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். மார்பில் பால் கட்டிக்கொண்டு நிற்கும், கொடுக்க ஆள் இருக்காது. இத்தனையையும் தடுமாறாமல் செய்ய, போதைப் பழக்கமே இல்லாத ஒருவருக்கும் நல்ல வண்டியும் பொறுமையான முதலாளியும் வேண்டும்.

மூத்த பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தைக்காக வந்த விசாரணை அக்கா அண்ணன்களையும் சேர்த்துக்கொள்ளும், ஆளுக்கொரு வீட்டில் விழலாம். பாட்டி எடுத்துக்கொண்டால், உறவுக்காரர் என்பதாலேயே வளர்ப்புக் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணம் பாட்டிக்கு நெடுங்காலம் எளிதில் கிடைக்கவில்லை. உரிமம் வாங்க வேண்டும், அதற்கு இத்தனை அறை, இப்படிக் கட்டில் என்று நிபந்தனை. 2023இல்தான் உறவினருக்கென்று தனி, எளிய விதிகள் வைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. இன்னொன்று, பல மாநிலங்களில் குழந்தையைக் கொடுமைப்படுத்தியவர் பட்டியலில் பெயர் ஏறிவிடும், வழக்கே இல்லாவிட்டாலும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் குழந்தைகள் காப்பகம், பள்ளி, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றிலும் ஆளெடுப்பார்கள். படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய வேலையே அநேகமாக இவைதான். ஆக, சம்பாதித்துக் குழந்தையைத் திரும்ப வாங்கு என்று ஒரு கை சொல்லும், வேலைக்கதவை இன்னொரு கை சாத்தும்.

தாயின் உயிருக்கும் ஆபத்து இங்கேதான். மாசசூசெட்ஸில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது: ஓவர்டோஸ் (உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போதைப்பொருள் எடுப்பது) கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களில் குறைகிறது, பிரசவத்துக்குப் பிறகு ஏறி, ஏழாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. ஆனால் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட், பிரசவமாகி 60 நாளில் பலருக்கு நின்றுவிடும் என்பதுதான் பழைய விதி. ஆபத்து அதிகமாகும் மாதங்களுக்கு முன்னாலேயே சிகிச்சை போய்விடும். 2021 சட்டத்துக்குப் பிறகு அநேகமாக எல்லா மாநிலங்களும் இதை ஒரு வருடமாக நீட்டிவிட்டன. போதைப்பொருள் பற்றிய சட்டம் என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் குடும்பத்தைக் காப்பதில் பல சட்டங்களைவிட இது பெரிது என்பேன்.

பிரிப்பது குழந்தைக்காவது நல்லதா என்றால், பிறந்த முதல் வாரத்தைப் பாருங்கள். பழைய முறையில் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபின்னகன் அட்டவணைப்படி மதிப்பெண் போடுவார்கள்: எத்தனை தும்மல், எத்தனை கொட்டாவி, நடுக்கம் எவ்வளவு. மதிப்பெண் கூடினால் மார்ஃபின். புதிய முறை சாதாரணமானது: குழந்தை போதுமான அளவு சாப்பிடுகிறதா, ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்துக்குள் சமாதானம் ஆகிறதா? ஆகாவிட்டால் முதலில் விளக்கை அணை, சத்தத்தைக் குறை, தாயின் நெஞ்சோடு போட்டுக்கொள், பால் கொடு. மருந்து அப்புறம்தான். 26 மருத்துவமனைகளில் 1,305 குழந்தைகளை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வில், வீட்டுக்குப் போகத் தயாராகும் காலம் சராசரியாக 14.9 நாளிலிருந்து 8.2 நாளாக இறங்கியது. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தார்கள். மருந்தாக வேலை செய்ய வேண்டிய அந்த நெஞ்சை விசாரணை அறையில் உட்கார வைத்துவிட்டால் குழந்தை யாரிடம் ஒட்டிக்கொள்ளும்?

மற்ற நாடுகள் ஒரே பாதையில் போகவில்லை. நார்வேயில் 1996 முதல், கர்ப்பிணியை அவள் சம்மதம் இல்லாமலே பிரசவம் வரை சிகிச்சை நிலையத்தில் வைக்கச் சட்டம் இருக்கிறது; எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் அங்கே அடைப்பது சிறையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடா உச்ச நீதிமன்றம் 1997இல் வினிபெக் வழக்கில் கட்டாயச் சிகிச்சையை ஏற்கவில்லை, கட்டாயப்படுத்தினால் பெண்கள் மருத்துவரிடம் வராமல் ஒளிந்துகொள்வார்கள் என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கிலாந்தில் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கர்ப்பத்தில் மது குடித்து கருவுக்குக் கெடுதல் செய்தது குற்றமாகாது என்றது. கிளாஸ்கோவில் மேரி ஹெப்பர்ன் என்ற மருத்துவர் 1990இல் இந்தப் பெண்களுக்கென்றே ஒரு மகப்பேறு சேவை தொடங்கினார். மருத்துவம், சமூகப் பணி, போதைச் சிகிச்சை மூன்றும் ஒரே கூரையின் கீழ். வான்கூவரில் ஃபிர் ஸ்கொயர் என்ற பிரிவில் தாயும் பிள்ளையும் ஒரே அறையில் தங்குகிறார்கள், மார்ஃபின் தேவை குறைந்தது.

எல்லாக் குழந்தையையும் எல்லாத் தாயிடமும் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையைத் தனியாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அடித்து நொறுக்கும் ஆண் வீட்டில் இருப்பதும் உண்டு. அங்கே அரசு தாமதித்தால் பிள்ளை செத்துப்போகும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வீட்டைப் பார்க்க வேண்டும், பராமரிப்பைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் எது இருந்தது என்பது அதைச் சொல்லாது.

சில மாநிலங்களுக்கு இது உறைத்திருக்கிறது. நியூ மெக்சிகோ 2019இல், போதைப்பொருள் பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் செய்யத் தேவையில்லை என்றது. அங்கே திட்டங்கள் காகிதத்தோடு நின்றன, வீட்டில் போய்ப் பார்க்க ஆளில்லை என்று பின்னால் விமர்சனம் வந்தது, அதையும் மறைக்க வேண்டாம். கனெக்டிகட் அதே வருடம் பெயரில்லாமல் தெரிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது: எண்ணிக்கை மட்டும் அரசுக்குப் போகும், உண்மையில் கவலை இருந்தால் மட்டும் தனிப் புகார். மாசசூசெட்ஸ் 2024 டிசம்பரில் தானாகப் புகார் செய்யும் கட்டாயத்தை எடுத்தது. 2018இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கும் சிகிச்சை மையத்துக்கு 12 மாதம் வரை குழந்தைக்கான செலவை மத்திய நிதியிலிருந்து கொடுக்க வழி செய்தது. அப்படிப்பட்ட மையங்கள் இன்னும் கொஞ்சம்தான். காசை அங்கே போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

இதைப் படிப்பவர் யாராவது அந்த நிலைமையிலேயே இருந்தால் சில விஷயங்கள். ஓபியாய்டு, மது, தூக்க மாத்திரை இந்த மூன்றையும் பயத்தில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மது, தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மெத்தடோனோ பூப்ரெனார்ஃபினோ எடுத்தால் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி, பிரசவப் பையில் வையுங்கள். கர்ப்பம் முற்ற முற்ற மெத்தடோன் அளவைக் கூட்டவோ பிரித்துக் கொடுக்கவோ வேண்டிவரும், அது சகஜம், பின்னடைவு கிடையாது. நிலையாக இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். சிறுநீர் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள், முடிவு தப்பாக வந்தால் உறுதிப்படுத்தும் சோதனையை அங்கேயே, அப்போதே எழுத்தில் கேளுங்கள். உங்கள் மாநிலத்தில் பராமரிப்புத் திட்டத்தைப் பிரசவத்துக்கு முன்பே போட முடிந்தால் போட்டுவிடுங்கள், அதிகாரி வரும்போது கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருப்பது நிறைய மாற்றும். விசாரணை தொடங்கிவிட்டால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.